பழைய ஸ்மாக்கிங் கவுன்: பிரிக்காமல் அளவெடுத்து அதே மாதிரி தைக்க முடியுமா?

ஜெலுத்தோங் ஊசிநூல்:
வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்த பழைய கவுன் பழுது பார்க்க வந்திருக்கிறது. நாலு வயதுப் பெண்குழந்தை அளவு. பழையதைச் சேதமில்லாமல் காப்பாற்ற வேண்டும், அதே மாதிரி புதிதாக ஒன்றும் தைக்க வேண்டும். பிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

துணி வாயில் (voile) என்ற மெல்லிய பருத்தி, பழுப்பேறிய வெள்ளை. யோக்குக்கு (தோளையும் மேல்நெஞ்சையும் மூடும் துண்டு) கீழே முன்பக்கம் ஸ்மாக்கிங், அதாவது துணியை நெருக்கமாக மடித்து மடிப்புகளின்மேல் போடும் அலங்காரத் தையல், 24 செ.மீ. அகலம், 7 வரிசை. மேலே இரண்டு வரிசை நேராக ஓடுகிறது. 3 முதல் 5 வரை நீல நூலில் டைமண்ட், ஒன்று விட்டு ஒரு டைமண்டில் ரோஸ் நிறப் பூ, மொத்தம் 7 பூ. அதற்குக் கீழே முனை முனையாக இறங்கி முடிகிறது. வட்டக் காலர், பஃப் கை, முதுகுத் திறப்பில் மூன்று சிப்பிப் பட்டன், கழுத்தில் ஒரு பிரஸ் பட்டன். பிரஸ் பட்டனைச் சுற்றித் துருக்கறை. 5-ஆம் வரிசையில் ஏழெட்டு மடிப்புக்கு நூல் அறுந்து மடிப்பு விரிந்து கிடக்கிறது.

உள்பக்கம் திருப்பினால் மங்கலான நீலப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. டைமண்டுக்குப் பின்னால், உள்பக்கம் மட்டும், வெள்ளை நூலில் ஒரு தையல் ஓடுகிறது. முன்பக்கம் அதன் சுவடே தெரியவில்லை. அது எதற்கு?

புதியதற்கு 24 செ.மீ.க்கு மூன்று பங்கு, 72 செ.மீ. துணி போதுமா?

பாயான் லெப்பாஸ் பாபின்:
முதலில் கழுவிவிடுங்கள் அக்கா. ஆக்சிஜன் பிளீச், 40 டிகிரித் தண்ணீர், ஒரு இரவு ஊறினால் பழுப்பும் துருவும் சேர்ந்தே போய்விடும். சுத்தமான துணியில் அளவெடுப்பது சுலபம்.

செந்தூல் கத்தரி:
வேண்டாம் தம்பி, இந்தத் துணியைப் பொறுத்தவரை அது ஆபத்தான யோசனை. துரு என்பது இரும்பு. இரும்பு இருக்கிற இடத்தில் ஆக்சிஜன் பிளீச் பட்டால் அந்த இடத்தில் மட்டும் வினை பல மடங்கு வேகமாக நடக்கும். கறை போகிறதோ இல்லையோ, பருத்தி இழை அரித்துப் போய் பட்டன் அளவுக்கு ஓட்டை விழும். குளோரின் பிளீச்சும் துருமேல் படக் கூடாது. துருவை எடுத்த பிறகுதான் பழுப்பைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

அறுந்த நூலோடு கவுனைத் தண்ணீரில் போட்டால் நனைந்த துணியின் கனம் மடிப்புகளை இழுக்கும். இப்போது ஏழு மடிப்பு விரிந்திருப்பது கழுவி எடுக்கும்போது இருபது ஆகிவிடும். பிறகு எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது.

வரிசை இப்படி இருக்கட்டும். பிரஸ் பட்டனைக் கழற்றுங்கள், அது இருக்கும்வரை துரு திரும்பத் திரும்ப வரும். அறுந்த வரிசையின் இரண்டு முனைகளையும் மெல்லிய வெள்ளை நூலால் உள்பக்கம் கட்டி நிறுத்துங்கள். அடுத்து ஒவ்வொரு நிற நூலுக்கும் தனித்தனியாகச் சாயச் சோதனை: நனைத்த வெள்ளைப் பருத்தித் துணித்துண்டை நூல்மேல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சிவப்பும் கரும்பச்சையும்தான் அதிகம் காலை வாரும். ஒரு நிறம் ஒட்டினாலும் முழுத் துணியை நனைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் கறைமேல் மட்டும், பஞ்சு முனையால். பூவேலைப் பக்கம் பரவக் கூடாது. பிறகு நாலைந்து முறை வடிகட்டிய தண்ணீரால் ஒற்றி எடுங்கள். அமிலம் தங்கிவிட்டால் அதுவே நாளடைவில் பருத்தியை நொறுங்கச் செய்யும்.

பிரிக்பீல்ட்ஸ் வாயில்:
செந்தூல் அக்கா சொன்னது சரி. அளவு விஷயத்துக்கு வருகிறேன்.

72 செ.மீ. என்ற கணக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். "மூன்று பங்கு" என்பது பொதுக் கணக்கு. நடுத்தரக் கனமுள்ள பாப்ளினுக்கு ஏறக்குறைய சரிவரும். மெல்லிய வாயில் நெருங்கி உட்காரும், மூன்றரை நாலு பங்குகூட விழுங்கும். ஸ்மாக்கிங்கை அளவுநாடாவால் நகலெடுக்க முடியாது. அகலம் இழுப்புக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது இரண்டுதான்: மடிப்பின் எண்ணிக்கை, ஒரு மடிப்புக்குள் போன துணியின் நீளம். இந்த இரண்டும் கிடைத்தால் கவுன் முழுவதும் கையில் வந்த மாதிரி.

முதலாவதற்கு, முன்பக்கம் ஊசியின் பின்புறத்தால் மடிப்பு மடிப்பாக எண்ணுங்கள். பத்துக்கு ஒரு குண்டூசி, நூலுக்கு இடையில் மட்டும் குத்துங்கள், துணியில் குத்த வேண்டாம். மேல் வரிசையில் ஒரு முறை, கீழ் வரிசையில் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

இரண்டாவதற்குத்தான் உங்கள் நீலப் புள்ளிகள். அவை இஸ்திரி போட்டு ஒட்டுகிற காகிதத்திலிருந்து இறங்கியவை. ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி துளி துணி எடுத்திருக்கும், ஒரு புள்ளிக்கு ஒரு மடிப்பு. ஸ்மாக்கிங் முடிந்து துணி விரிகிற இடத்தில், கீழ்க் கடைசிக்கு அப்பால் தைக்காமல் விட்ட புள்ளி வரிசை ஒன்று இருக்கும். அங்கே துணி தட்டையாக இருப்பதால் நேரடியாக அளக்கலாம். ஒரே இடைவெளியை அளக்காதீர்கள், ஒன்பது இடைவெளி சேர்த்து அளந்து ஒன்பதால் வகுங்கள்.

அப்படியே பக்கத் தையலுக்குள் துணியின் கரை, அதாவது தறியிலேயே நெய்து முடிந்த ஓரம், தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஜெலுத்தோங் ஊசிநூல்:
எண்ணியாயிற்று. மேலும் கீழும் 120 மடிப்பு. அடி வரிசைப் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றன, ஒன்பது இடைவெளிக்கு 57 மி.மீ. புள்ளி வரிசைகளுக்கு நடுவே ஒன்பதரை மி.மீ. பக்கத் தையல் இரண்டிலும் கரை இருக்கிறது, வெட்டிய விளிம்பே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாயில்:
அருமை. 57-ஐ ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 6.35, அதாவது சரியாகக் கால் இஞ்சு. வரிசை இடைவெளி எட்டில் மூன்று இஞ்சு. 120 மடிப்புக்குக் கால் இஞ்சு வீதம் 30 இஞ்சு. இரண்டு ஓரத்திலும் கரை இருப்பதால் துணியின் முழுத் தறியகலமும் முன்பக்கத்துக்கே போயிருக்கிறது. அந்தக் காலத்துப் பருத்தித் துணி பெரும்பாலும் 36 இஞ்சு. மிச்சம் 6 இஞ்சு, பக்கத்துக்கு மூன்று. அதில்தான் அக்குள் வளைவும் பக்கத் தையலும்.

ஆகவே உங்கள் விடை 72 செ.மீ. இல்லை, 36 இஞ்சு. இப்போது கடைகளில் 44, 45 இஞ்சு அகலம்தான் கிடைக்கும். அகலம் இருக்கிறதே என்று முழுவதையும் சுருக்கினால் 150-க்கு மேல் மடிப்பு வரும், 24 செ.மீ.க்குள் திணித்தால் பலகை மாதிரி விறைக்கும். முதலில் இழை உருவி நேர்பார்த்து 36-க்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

டைமண்ட் கணக்கும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. கீழே சமமாக ஒரு தையல், மேலே ஏற மூன்று, உச்சியில் சமமாக ஒன்று, இறங்க மூன்று, ஆக எட்டு மடிப்புக்கு ஒரு டைமண்ட். 120-ஐ எட்டால் வகுத்தால் 15. ஒற்றைப்படை என்பதால் எட்டாவது டைமண்ட் சரியாக நெஞ்சு நடுவில் உட்காரும். 2, 4, 6 என்று 14 வரை பூ வைத்தால் 7 பூ, நடுவிலும் ஒன்று. தைத்தவர் துணி வெட்டும் முன்பே இதையெல்லாம் முடிவு செய்திருக்கிறார்.

உள்பக்க வெள்ளைத் தையல்: அது பின்புற ஸ்மாக்கிங். டைமண்டின் வயிற்றுக்குள் கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரத்துக்கு மடிப்பைப் பிடிக்க முன்பக்கம் எதுவும் இல்லை. மடிப்பு எடுக்கத் தற்காலிகமாக ஓட்டிய சுருக்கு நூலை உருவியதும் அங்கே மடிப்பு வாயைப் பிளக்கும், பூ உள்ளே அமுங்கும். அதைத் தடுக்கத் துணியின் நிறத்திலேயே ஒரு வரிசை கேபிள் தையல் (நூலை ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே வைத்து நேராக ஓடுவது) உள்ளே போட்டிருக்கிறார்கள். புதியதிலும் இதை விட்டுவிடாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் பாபின்:
கழுவச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். துணி விஷயத்தில் ஒன்று: பினாங்குத் துணிக்கடைகளில் வாயில் என்று கேட்டால் கெபாயா என்ற மலாய் மேல்சட்டைக்கு விற்கிற ருபியாவைக் காட்டுவார்கள். அது இதற்கு ஒத்துவருமா?

செந்தூல் கத்தரி:
முழுப் பருத்தியாக இருந்தால் ஒத்துவரும். கடையிலேயே ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கேட்டு வாங்கி வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். பாலியெஸ்டர் கலந்த துணியில் மடிப்பு நிற்காது, விரலை எடுத்ததும் துள்ளி எழும்பும். எவ்வளவு நீராவி காட்டினாலும் உட்காராது.

வாயில் கைக்கு அடங்காது என்று பயப்படுகிறவர்களுக்கு, ரவிக்கைக்கு எடுக்கிற டூ பை டூ ரூபியா நல்ல மாற்று. பாவும் ஊடையும் இரட்டை இழை முறுக்கியவை, மடிப்பின் முதுகு தெளிவாக நிற்கும். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ரவிக்கைத் துணி வைத்திருக்கிற எந்தக் கடையிலும் இருக்கும். டெரி ரூபியா என்று ஒன்றும் அதன் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், அது கலப்பு, எடுக்காதீர்கள். ஆனால் டூ பை டூ வாயிலைவிடக் கனம். 120 மடிப்பு 24 செ.மீ.க்குள் அடங்காது, மாதிரி பார்த்தே ஆக வேண்டும்.

எதை எடுத்தாலும் வெட்டும் முன் நனைத்து உலர்த்துங்கள். ஸ்மாக்கிங் செய்த பிறகு துணி சுருங்கினால் நூல் சுருங்காது, தையல் தொங்கிப் போகும்.

ஜெலுத்தோங் ஊசிநூல்:
மடிப்பு எடுக்கப் பிளீட்டர் இயந்திரம் பயன்படுத்தலாமா, கையாலா?

கெப்போங் நூல்கண்டு:
பிளீட்டர் ஊசிகளின் வரிசை இடைவெளியும் எட்டில் மூன்று இஞ்சுதான், ஆகவே உயரம் ஒத்துப்போகும். மடிப்பின் ஆழத்தைப் பற்சக்கரம் தீர்மானிக்கிறது, அதை மாற்ற முடியாது. அதனால் கால் இஞ்சு புள்ளிக்கு ஈடாக இருக்குமா என்பதை ஒரு சாண் துண்டில் ஓட்டிப் பார்த்த பிறகே 36 இஞ்சையும் ஏற்ற வேண்டும். துணியை ஒரு கட்டையில் இழை நேராகச் சுற்றி மெதுவாகச் செலுத்துங்கள். கோணலாகப் போனால் மடிப்பு சாய்ந்து கவுனின் கீழ்விளிம்பு முறுக்கும், பிறகு திருத்தவே முடியாது. கரை, தையல் போன்ற தடித்த இடங்களை ஊசிக்குக் கொடுத்தால் ஊசி ஒடியும்.

ஒரே ஒரு கவுனுக்குக் கையாலேயே போதும். 7 வரிசை ஸ்மாக்கிங்குக்கு 9 வரிசை சுருக்கு நூல், மேலே ஒன்றும் கீழே ஒன்றும் கூடுதல். வழுக்கலான பாலியெஸ்டர் நூல், வெளிர் நிறத்தில். சிவப்பு நூல் வேண்டாம், நீராவியில் சாயம் இறங்கலாம். புள்ளி துணியின் பின்பக்கம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மி.மீ. மட்டும் எடுங்கள். ஒன்பது வரிசையும் ஓட்டி முடித்து, எல்லா நூலையும் ஒன்றாகப் பிடித்து இழுத்து, 22 செ.மீ.க்கு நிறுத்தி, இரண்டிரண்டாக முடிச்சுப் போடுங்கள். இரண்டு செ.மீ. குறைவாக வைப்பது தைத்து முடித்ததும் தளர்ந்து 24-க்கு வரட்டும் என்பதற்காக.

புள்ளி வைக்க, தண்ணீரில் அழிகிற நீலப் பேனாவை எடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சூடு பட்டால் அந்த மை அழியாமல் துணியிலேயே தங்கிவிடும். நீராவி காட்டும் முன் குளிர்ந்த தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். கூரான பென்சிலால் லேசாக வைப்பது இதைவிட நிம்மதி.

பிரிக்பீல்ட்ஸ் வாயில்:
தையலுக்கு வருவோம். அழகு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்.

ஒன்று, நூல் ஊசிக்கு மேலா கீழா என்பது. இடமிருந்து வலம் போகிறோம், ஊசி மட்டும் எப்போதும் வலமிருந்து இடமாகப் படுத்த நிலையில் மடிப்புக்குள் நுழைகிறது. மேலே ஏறும்போது நூல் ஊசிக்குக் கீழே இருக்க வேண்டும். உச்சிக்கு வந்ததும் நூலை மேலே தள்ளி அங்கே சமமாக ஒரு தையல். இறங்கும்போதும் நூல் மேலேயே. அடிக்கு வந்ததும் கீழே மாற்றிச் சமமாக ஒரு தையல். ஒரு இடத்தில் மாறினாலும் டைமண்டின் முனை மழுங்கும், பத்து மடிப்பு தாண்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு, ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்பது. மடிப்பின் உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆழமாகப் போனால் சுருக்கு நூலையும் சேர்த்துத் தைத்துவிடுவோம், பிறகு அதை உருவ முடியாது. நுனியில் மட்டும் எடுத்தால் துணி கிழியும்.

ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள். 60-க்கும் 61-க்கும் நடுப் பள்ளத்தில் தொடங்கி வலப்பக்கம் முடித்து, வேலையைத் தலைகீழாகத் திருப்பி மறுபாதி. அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடியும். முதல் வரிசைக் கேபிளை மட்டும் சற்று இறுக்கமாகப் போடுங்கள், யோக்கோடு சேரும் இடம் அது. டைமண்டை அதே இறுக்கத்தில் போட்டால் நெஞ்சு விரியாது. குழந்தை கையைத் தூக்கும்போது நெஞ்சு கொடுத்துப் போக வேண்டும். எலாஸ்டிக் இல்லாத காலத்தில் இங்கிலாந்துப் பண்ணையாட்களின் மேலங்கியில் இந்த வேலை வந்ததே அதற்காகத்தான்.

வாயிலுக்கு ஆறிழை நூலில் இரண்டு இழை, டூ பை டூவுக்கு மூன்று. இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி சேர்த்துக் கோத்தால் முறுக்கில்லாமல் படுக்கும். 45 செ.மீ.க்கு மேல் நூல் வெட்டினால் மடிப்பில் உரசி உரசி நைந்துவிடும்.

ஜெலுத்தோங் ஊசிநூல்:
நிறத்துக்கு என்ன எடுக்கட்டும்? முன்பக்கம் சாம்பல் கலந்த நீலமாகத் தெரிகிறது. உள்பக்க முடிச்சுகளில் அதே நூல் பளிச்சென்ற இளநீலமாக இருக்கிறது.

செந்தூல் கத்தரி:
இரண்டையும் எடுங்கள். புதுக் கவுனுக்கு முடிச்சின் நிறம், அதுதான் தைத்த அன்றைய நிறம். அறுந்த வரிசையைப் பழுது பார்க்க முன்பக்கத்து மங்கிய நிறம், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது போல் அந்த ஏழு மடிப்பு மட்டும் கண்ணில் குத்தும். டிஎம்சி நிறுவனத்துப் பூவேலை நூல் எண்ணில் 3325 உங்கள் இளநீலத்துக்குக் கிட்ட வரும். பூவுக்கு உள்ளே 776, வெளியே 818, இலைக்கு 368. கடை விளக்கில் பார்க்காதீர்கள், வாசலுக்கு எடுத்து வந்து முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கண்டு 8 மீட்டர், நீலம் ஒன்றே நெஞ்சு வேலைக்குத் தாராளம். கைப்பட்டியும் இருப்பதால் இரண்டாக, ஒரே சாயத் தொகுதி எண்ணில் வாங்குங்கள்.

பழுது பார்க்கையில் அறுந்த இடத்துக்கு மூன்று மடிப்பு முன்பே தொடங்கி, பழைய ஊசித்துளைகளுக்குள்ளேயே ஊசியை விடுங்கள். புதுத் துளை போட்டால் நைந்த வாயில் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

கெப்போங் நூல்கண்டு:
பூவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது புல்லியன் ரோஸ், நூலை ஊசியில் சுற்றி இழுப்பது. சாதாரணப் பூவேலை ஊசியின் காது தடிப்பாக இருக்கும், சுற்று அதில் சிக்கிக் கசங்கும். காதும் உடம்பும் ஒரே பருமனாக உள்ள நீள ஊசி கேட்டு வாங்குங்கள், தொப்பி தைக்கிற ஊசி என்பார்கள். நடுவில் அருகருகே இரண்டு, ஆறு சுற்று வீதம். அதைச் சுற்றி ஐந்து, ஒன்பது பத்துச் சுற்று வீதம், ஒன்றின் வால் அடுத்ததன் தோள்மேல் ஏறுகிற மாதிரி. சுற்றின் நீளம் துணியில் எடுத்த இடைவெளிக்குச் சமமானால் நேராகப் படுக்கும், இரண்டு மூன்று சுற்றுக் கூடினால் வளையும். வெளி இதழுக்கு அந்த வளைவு வேண்டும்.

எப்போதும் இரண்டு மடிப்பின் முதுகையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரே மடிப்பில் போட்டால் பூ பள்ளத்துக்குள் சாய்ந்துவிடும். சுருக்கு நூலை உருவும் முன்பே பூ முடிந்துவிட வேண்டும்.

பாயான் லெப்பாஸ் பாபின்:
இவ்வளவு சுத்தமான வேலை என்றால் கான்வென்டில் தைத்ததாகத்தானே இருக்கும்?

செந்தூல் கத்தரி:
அப்படி எழுதி வைக்காதீர்கள் தம்பி. பினாங்கு லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் பள்ளி 1852-இல் தொடங்கியது, ஊசிவேலைக்குப் பெயர் போன இடம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அச்சுப் புள்ளிக் காகிதம் எந்த வீட்டிலும் இருந்திருக்கலாம். பெயர்ச்சீட்டோ எழுத்தோ இல்லாமல் தையலின் சுத்தத்தை மட்டும் வைத்து இடம் சொல்ல முடியாது. அல்ட்ராவயலட் விளக்கடித்துப் பார்த்து நீலமாக ஒளிர்ந்தால் புதுத் துணி என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம், சலவைத்தூளில் உள்ள வெளுப்பான் பழைய துணியையும் ஒளிரச் செய்யும்.

ஜெலுத்தோங் ஊசிநூல்:
டூ பை டூவில் 32 மடிப்பு மாதிரி போட்டு நீராவியும் காட்டியாயிற்று. நாலு டைமண்ட். 6.4 செ.மீ. வர வேண்டியது 7.2 வருகிறது. தையலை இறுக்கட்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் வாயில்:
இறுக்காதீர்கள் அக்கா, மடிப்பைக் குறையுங்கள். 120 போட்டால் 27 செ.மீ. ஆகிவிடும். எட்டு எட்டாகத்தான் குறைக்க முடியும். 112-க்கு 14 டைமண்ட், இரட்டைப்படை, நெஞ்சு நடுவில் டைமண்ட் வராது. 104 எடுங்கள், 13 டைமண்ட், 23.4 செ.மீ., யோக்கில் வைக்கும்போது மிச்சம் சமாளித்துவிடலாம். 26 இஞ்சு மடிப்புக்கும் 6 இஞ்சு ஓரத்துக்கும் ஆக 32 இஞ்சுக்கு வெட்டுங்கள். நடு டைமண்ட் இப்போது ஏழாவது, ஆகவே பூ ஒற்றைப்படை டைமண்டுகளுக்கு மாறும். ஒன்றிலும் பதின்மூன்றிலும் வைக்க வேண்டாம், அக்குள் தையல் பூவைக் கவ்வும். 3 முதல் 11 வரை ஐந்து பூ.

நீராவி எப்படிக் காட்டினீர்கள்? அயர்னை மேலே வைத்திருந்தால் 7.2 என்பதே பொய்யான அளவாக இருக்கும்.

ஜெலுத்தோங் ஊசிநூல்:
வைக்கவில்லை. பலகையில் ஊசி குத்தி, 3 செ.மீ. உயரத்தில் பிடித்து, இரவு முழுவதும் விசிறிக்குக் கீழே விட்டுத்தான் எடுத்தது.

பிரிக்பீல்ட்ஸ் வாயில்:
அப்படியானால் 104-தான். யோக்கோடு தைக்கும்வரை மேல் சுருக்கு நூலை மட்டும் உருவாதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாக, முடிச்சுள்ள பக்கத்திலிருந்து இழுங்கள்.

செந்தூல் கத்தரி:
பழைய கவுனின் கீழ்மடிப்பைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் நாலு இஞ்சு மடித்து வைத்து, குழந்தை வளர வளர இறக்குவார்கள். இறக்கிய இடத்தில் வெளிறிய ஒரு கோடு இருக்கும். அது இருந்தால் புதியதன் நீளத்தை அந்தக் கோட்டிலிருந்து எடுங்கள், இப்போதைய விளிம்பிலிருந்து அல்ல.

வேலை முடிந்ததும் பழையதற்குக் கஞ்சி போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். கஞ்சியைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். பிளாஸ்டிக் பையும் கூடாது, நம் ஊர் ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஸ்மாக்கிங்கின் குறுக்கே மடிப்பு விழாமல், பாவாடைப் பகுதியில் மட்டும் துணிச்சுருள் வைத்து மடித்து வையுங்கள்.

ஜெலுத்தோங் ஊசிநூல்:
கோடு இருக்கிறது. இப்போதைய விளிம்பிலிருந்து 6 செ.மீ. மேலே.